சத்தம் தாங்காதவர் உதவி கேட்டுப் போகும்போது செய்யக்கூடாதவை

சாதாரணச் சத்தமே தாங்க முடியாத ஹைப்பராக்கூசிஸ் உள்ளவருக்குத் தட்டில் கரண்டி உரசினாலே காது வலிக்கும். ஆனால் சோதித்துப் பார்த்தால் அவருடைய ஆடியோகிராம் (கேட்டல் சோதனை வரைபடம்) பல சமயம் எந்தக் குறையும் காட்டாது. மலேசியாவின் பினாங்கில் ஓகேயூ கார்டுக்கோ (மாற்றுத்திறனாளி அட்டை) சொக்சோவுக்கோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மனு போடுகிறவர்களுக்குச் சிக்கல் இங்கேதான் ஆரம்பம்.

சமூக நல இலாகாவின் ஓகேயூ பதிவில் ஏழு பிரிவுகள் உண்டு. செவிப்புலன் பிரிவு, எவ்வளவு கேட்கவில்லை என்பதைத்தான் அளக்கிறது; எவ்வளவு தாங்கவில்லை என்பதை அல்ல. ஆகவே “காதுப் பிரச்சினைதானே” என்று ஆடியோகிராமை மட்டும் இணைத்துக் கொடுப்பது, நமக்கு எதிராக நாமே சாட்சி சொல்வது போலத்தான். ஒலி எந்த அளவில் தாங்க முடியாமல் போகிறது என்று பார்க்கத் தனிச் சோதனை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணமாக 100 டெசிபலை ஒட்டி வரும் அளவு, இவர்களுக்கு வெகுவாகக் குறைந்திருக்கும். அப்புறம், காதுக்குள் உரத்த ஒலி விடும் சோதனைகளும் உண்டு என்பதால், உங்கள் நிலைமையை சோதிக்கும் ஆடியோலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காரணத்தைத் தேடாமல் விடுவதும் தவறு. உட்காதின் மேல் அரைவட்டக் குழாயில் எலும்பு திறந்திருந்தால், தன் கண்விழி அசையும் சத்தம்கூடச் சிலருக்குக் கேட்கும். 1998ல் விவரிக்கப்பட்ட இந்த அரிய நோயை சிடி ஸ்கேனில் பார்க்கலாம். சத்தம் தாங்காமையும் கற்றல் குறைபாடும் சேர்ந்து வரக்கூடிய பிறவிக் கோளாறான வில்லியம்ஸ் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கோ, செவிப்புலன் பிரிவை விடக் கற்றல் பிரிவே பொருந்தும்.

இனி டாக்டர் கடிதம். “நோயாளிக்குச் சத்தம் ஆகாது” என்ற ஒற்றை வரியால் பயனில்லை. நம்மவர்கள் தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் உறுமி மேளம் தாங்கவில்லை என்பார்கள். அது எல்லாருக்கும்தான் காதைப் பிளக்கும்! கொப்பித்தியாமில் (காப்பிக் கடை) கோப்பை வைக்கும் சத்தம், பஸ் பிரேக், அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் வலி, அதனால் எந்த வேலை நின்றது என்று எழுதச் சொல்லுங்கள். டாக்டர் முன்னால் “பரவாயில்லைங்க, சமாளிக்கிறேன்” என்று சிரிக்கும் பழக்கத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கோப்பில் ஏறுவது அந்த வார்த்தைதான்.

கார்டு வந்தால் மாதாமாதம் பணம் வரும் என்று நினைக்க வேண்டாம். உதவித்தொகைக்குத் தனி மனு, அதற்குத் தனி நிபந்தனைகள்.

வேலை பார்க்கிறவர்கள் செய்யும் பெரிய தவறு, முதலில் ராஜினாமா, பிறகு சொக்சோ என்பது. இயலாமை பென்ஷனுக்கு 60 வயதுக்குள் இருக்க வேண்டும்; வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஈட்ட முடியாத நிலை என்று மருத்துவக் குழு ஏற்க வேண்டும். முழுத் தகுதிக்கான ஒரு வழி, மனுவுக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா. மாதம் தவறாமல் கட்டி வந்தவரே ஆனாலும், வேலையை விட்டு 16 மாதத்துக்கு மேல் சும்மா இருந்தால் அந்த வழி அடைபடும்.

தொழிற்சாலை இரைச்சலால் வந்ததென்றால் அது தொழில்சார் நோய்க் கோரிக்கை, வேறு பாதை. 2019 இரைச்சல் விதிமுறைகளின்படி, எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலைத் தாண்டும் இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முதலாளி கேட்டல் சோதனை நடத்த வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலையை விடுவதற்கு முன்பே அந்தச் சோதனை முடிவுகளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.