கரண்ட் பில் கூடி வந்திட்டுதா? முறைப்பாட்டை எழுத்தில குடுங்கோ

கவுண்டரில் நின்று சண்டை பிடித்தால் கோபம் ஆறும், பில் குறையாது. இலங்கை மின்சார சபையில் பதிவாகிற கடிதத்துக்குத்தான் பதில் வரும்.

முதலில் பில்லையும் மீற்றரையும் ஒத்துப் பாருங்கோ. பில்லில் இருக்கிற தற்போதைய வாசிப்பை விட மீற்றர் குறைவாகக் காட்டினால் வாசிப்புப் பிழை. இலக்கம் தெளிவாகத் தெரிய ஒரு படம் எடுங்கோ. கேற் பூட்டியிருந்தாலோ, நாய் நின்றாலோ மீற்றரை வாசிக்காமல் மதிப்பிட்டுப் போடுகிற உத்தேச பில்லும் வரலாம்.

நாட்கணக்கையும் விடாதையுங்கோ. வீட்டுப் பாவனை மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால், தாண்டின யூனிற்றுக்கு மட்டுமல்ல, முதல் 60க்கும் கூடின விலைதான் விழும். அதனால் 58க்கும் 64க்கும் காசில் பெரிய வித்தியாசம். 30 நாளுக்கு மேற்பட்ட பில் என்றால் இந்த எல்லையும் நாட்களுக்கு ஏற்பக் கூட வேண்டும்.

வாசிப்பு சரியாக இருந்தால் மெயின் சுவிச்சை நிறுத்திப் பாருங்கோ. மீற்றர் அப்பவும் ஓடினால் பிழை உங்கள் சாமான்களில் இல்லை. மீற்றரைச் சோதிக்கக் கேளுங்கோ. நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கோ. எங்கட பக்கத்தில் அநேகமாகக் கிணற்று மோட்டர்தான் அகப்படும்.

இனிக் கடிதம். தமிழில் எழுதி, தமிழிலேயே பதில் கேட்க அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. கதை வேண்டாம், இவ்வளவு போதும்:

"கணக்கு இலக்கம் …. இம்மாதப் பில்லில் தற்போதைய வாசிப்பு 4812 என உள்ளது. இன்று மீற்றரில் 4781 காணப்படுகிறது. படம் இணைத்துள்ளேன். மீள வாசித்துத் திருத்திய பில்லை எழுத்துமூலம் தரவும்."

இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் சீலும் திகதியும் போடுவித்து வாங்குங்கோ. போட மறுத்தால் பதிவுத் தபால். சபையின் 1987 தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சொன்னால் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கோ. கரண்ட் நின்றதைச் சொல்ல அந்த இலக்கம் நல்லது. பில் பிரச்சினைக்குக் கடிதம்தான் என் தெரிவு.

பில் இன்னும் அப்பப்பா பெயரிலோ, கனடாவில் இருக்கிற அண்ணன் பெயரிலோ வருகுதா? யாழ்ப்பாணத்தில் பாதி வீடு அப்படித்தான். கணக்கு இலக்கத்தோடு, அந்த வீட்டில் குடியிருந்து பாவிப்பவர் நீங்கள் என்று எழுதுங்கோ. அண்ணனிடம் ஒரு சம்மதக் கடிதமும் வாங்கி இணைத்தால் வீண்பேச்சு குறையும்.

முறைப்பாடு போட்டாச்சு என்று காசு கட்டாமல் இருக்க வேண்டாம். வழமையாக வருகிற தொகையைக் கட்டி, மிச்சத்துக்குத்தான் ஆட்சேபம் என்று கடிதத்திலேயே குறிப்பிடுங்கோ.

பதில் இல்லையா, பதில் சரியில்லையா? அடுத்தது இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 2002இன் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. மின்சாரத்தை ஒழுங்குபடுத்துவதும் அதன் பொறுப்பு. சபை கம்பனிகளாகப் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு மாறாது. கொழும்புக்கு அலைய வேண்டாம், தபாலில் அனுப்பலாம். சீல் போட்ட கடிதம், பில், படம் எல்லாத்திலும் பிரதி மட்டும் அனுப்புங்கோ, மூலத்தை விடாதையுங்கோ. சிலர் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கிறார்கள். அது கடைச் சாமான் பிரச்சினைக்கு.

மீற்றர் சோதனை அறிக்கையைக் காட்ட மாட்டோம் என்று சபை சொன்னால் 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கோ. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்லியாக வேண்டும்.