பில் எவன்ஸின் வழியில் ஜாஸ் பியானோ: கற்றல், இயற்றல், பதிவுசெய்தல்

ஜாஸ் பியானோவைக் கற்கத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர், தாம் விரும்பிக் கேட்ட இசைத்தட்டின் ஒலியை முதல் மாதத்திலேயே முழுமையாகப் பிடித்துவிட முயல்கிறார்கள். விரல்கள் விசைகளின் மேல் வேகமாக ஓடினாலும், எந்த ஸ்வரம் ஏன் அங்கே வந்தது என்று கேட்டால் அவர்களிடம் விடை இருப்பதில்லை. அமெரிக்கப் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் (1929–1980), 1966ஆம் ஆண்டு ஆவணப்படம் ஒன்றில் தம் அண்ணன் ஹாரியுடன் உரையாடும்போது இந்தப் பழக்கத்தைத்தான் எச்சரித்தார். முழுமையான ஒன்றை மங்கலாக நகலெடுப்பதைவிட, மிக எளிய ஒன்றைத் துல்லியமாகவும் உண்மையாகவும் வாசித்து, அதன் மேல் அடுத்த அடுக்கைக் கட்டவேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். இந்த வழிகாட்டி அந்த ஒரே கொள்கையைப் பின்பற்றுகிறது.

எவன்ஸ் நியூ ஜெர்சி மாநிலத்தின் பிளெய்ன்ஃபீல்டில் பிறந்தவர். சிறுவயதிலேயே மேலைச் செவ்வியல் இசையைக் குறிப்புத்தாள் பார்த்து வாசிக்கக் கற்றார். பள்ளிப் பருவத்தில் ஒரு நடன இசைக்குழுவில் வாசித்தபோது, தாளில் இல்லாத ஒரு சிறு புளூஸ் சொற்றொடரைத் தாமாகச் சேர்த்ததே அவருடைய மனோதர்மத்தின் தொடக்கம். 1950இல் லூசியானாவில் கல்லூரிப் பட்டம் பெற்று, பின் இராணுவப் பணியையும் முடித்துவந்த அவர், பெற்றோர் வீட்டில் ஏறக்குறைய ஓராண்டைப் பயிற்சிக்காகவே ஒதுக்கினார். அந்த ஓராண்டை அவருடைய வரலாற்றின் மிக முக்கியமான பகுதியாக நான் கருதுகிறேன். ஆகவே ஜாஸ் கற்கப்போகிறோம் என்பதற்காகக் குறிப்புத்தாள் வாசிப்பையும் செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் இசைப்படைப்புகளையும் ஒதுக்கிவிட வேண்டாம். இரு கைகளிலும் தனித்தனி இழைகள் ஓடும் பாக்கின் அமைப்பு, பின்னர் ஜாஸ் கார்ட்களின் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வர அடுக்குகளின்) உள்குரல்களை நகர்த்தும்போது நேரடியாகக் கைகொடுக்கும்.

அடுத்து ஒரே ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எவன்ஸ் 1959 டிசம்பரில் தம் மூவர் குழுவுடன் பதிவுசெய்த ‘ஆட்டம் லீவ்ஸ்’ இதற்கு மிகவும் ஏற்றது. முதலில் மெட்டைப் பாடிப் பழகி, பிறகு வலது கையால் அலங்காரம் எதுவுமின்றி வாசியுங்கள். அது மனத்தில் பதிந்ததும் இடது கையில் ஒவ்வொரு கார்டின் ரூட் ஸ்வரத்தை, அதாவது அந்தக் கார்டுக்குப் பெயர் தரும் அடிப்படை ஸ்வரத்தை, மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இங்கே ஒரு தடை உண்டு. மாறாத ஆதார சுருதியின் மேல் ராகத்தைக் கேட்டுப் பழகிய நமக்கு, ஜாஸில் காலடித் தளமே ஓரிரு அட்சரக் கட்டங்களுக்கு (பார் எனப்படும் தாளச் சுற்றுகளுக்கு) ஒருமுறை நகர்வது புதிது. ரூட் ஸ்வரத்தை மட்டும் வாசித்துக்கொண்டு மெட்டைப் பாடும் பயிற்சியை இரண்டு வாரம் செய்தால் அந்த நகர்வு காதில் உறைக்கும்.

இதன் பிறகே ரூட் ஸ்வரம் இல்லாத இடக்கை அடுக்குகளுக்கு வரவேண்டும். எவன்ஸின் ஒலியில் நாம் உணரும் தெளிவுக்கு இவை ஒரு பெரிய காரணம். ஜாஸ் பியானோ கலைஞர்கள் அஹ்மத் ஜமால், ரெட் கார்லண்ட் ஆகியோரின் வாசிப்பிலும் இவற்றைக் கேட்கலாம். ரூட்டை பாஸ் என்னும் தாழ்சுருதித் தந்திக் கருவியை வாசிப்பவர் ஏற்கனவே பிடித்திருக்கும்போது பியானோ அதை மீண்டும் அழுத்தினால் கீழ்ப்பகுதி கலங்கிப்போகும். எனவே ரூட்டிலிருந்து எண்ணும்போது கார்டின் குணத்தைக் காட்டும் மூன்றாம், ஏழாம் ஸ்வரங்களோடு நிறம் கூட்டும் ஒன்பதாம் ஸ்வரத்தையும், ஐந்தாம் அல்லது பதின்மூன்றாம் ஸ்வரத்தையும் சேர்த்து, விசைப்பலகையின் நடுவிலுள்ள சி விசையான நடு சி-யை ஒட்டிய பகுதியில் கையை வைக்கிறோம்.

சி மேஜரில் இதைப் பாருங்கள் (சி, டி, எஃப் போன்றவை மேலை இசையில் ஸ்வரங்களின் எழுத்துப் பெயர்கள்). டி மைனர் செவனுக்கு, நடு சி-க்குக் கீழே உள்ள எஃப்-இல் தொடங்கி எஃப், ஏ, சி, இ என்று வையுங்கள். ஜி செவனுக்கு மாறும்போது சி மட்டும் அரைஸ்வரம் (ஒட்டிய விசைக்கு) இறங்கி பி ஆகிறது. மற்ற மூன்று விரல்களும் அசைவதில்லை. சி மேஜர் செவனுக்கு வரும்போது பி அப்படியே நிற்க, எஃப், ஏ, இ ஆகியவை தத்தம் அடுத்த வெள்ளை விசைக்கு இறங்கி, இ, ஜி, பி, டி என்ற அடுக்கு கிடைக்கிறது. மூன்று கார்ட்களையும் இணைப்பது இவ்வளவு சிறிய அசைவுதான். இந்த அசைவை ஒவ்வொரு விரலாகத் தனியே பாடிப் பார்க்க வேண்டும். ஜி மைனரில் உள்ள ‘ஆட்டம் லீவ்ஸ்’ பாட்டின் முதல் மூன்று கார்ட்களுக்கு, இதே அடுக்குகளை இரண்டு அரைஸ்வரம் கீழே இறக்கினால் போதும். பன்னிரண்டு சுருதிகளிலும் இதைப் பழகச் சில மாதங்கள் ஆகும். அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போனவர்கள் பின்னாளில் இதே இடத்துக்குத் திரும்பி வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மனோதர்மப் பயிற்சியையும் சிறிதாகவே தொடங்குங்கள். மூன்று அல்லது நான்கு ஸ்வரங்கள் கொண்ட ஒரு சொற்றொடரை எடுத்துக்கொண்டு, கார்ட் மாறும்போது தேவையான ஸ்வரத்தை மட்டும் மாற்றிப் பாட்டு முழுவதும் அதையே வாசியுங்கள். பின்னர் அதே சொற்றொடரை அரை அட்சரம் தள்ளித் தொடங்குங்கள். தாளத்தை இப்படி இடம்பெயர்த்து, பின் சரியான இடத்தில் வந்து சேர்வதில் எவன்ஸ் காட்டிய நுட்பம் வியப்புக்குரியது. சீரான தட்டு ஒலி தரும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, அதன் ஒலியை ஒன்றாம் அட்சரமாகக் கொள்ளாமல் இரண்டாம், நான்காம் அட்சரங்களாகக் கொண்டால் பாட்டின் வேகம் 120 ஆகும். தாள உணர்வும் உங்களுக்குள்ளிருந்து வந்தாக வேண்டியிருக்கும்.

இயற்றுவதற்கு எல்லையைக் குறுக்கிக்கொள்வதே நல்ல தொடக்கம். 1958 டிசம்பரில் எவன்ஸ் பதிவுசெய்த ‘பீஸ் பீஸ்’ முழுவதும் இடது கை இரண்டே கார்ட்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. வலது கை மட்டும் எளிய மெட்டில் தொடங்கி மெல்ல மெல்லத் தொலைவு போகிறது. நீங்களும் இரண்டு கார்ட்களைத் தேர்ந்து, ஐந்து நிமிடம் அவற்றை விட்டு விலகாமல் வாசித்து, அதில் கிடைத்த எட்டு அட்சரக் கட்டங்களை மட்டும் எழுதி வையுங்கள். எழுதியதை உடனே முடிந்த படைப்பாகக் கருத வேண்டாம். தம் அண்ணன் மகளுக்காக எவன்ஸ் இயற்றிய ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ 1956இல் மிகச் சிறிய தனிப் பியானோ வடிவில் பதிவானது. 1961இல் மூவர் குழு அதை வாசித்தபோது மூன்று அட்சர நடையில் தொடங்கி நான்கு அட்சர நடைக்கு மாறி விரிந்தது.

அந்த 1961 பதிவு நடந்த நாள் ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற நிலவறைக் கூடத்தில் பாஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் கலைஞர் பால் மோட்டியன் ஆகியோருடன் எவன்ஸ் பகலிலும் இரவிலுமாக ஐந்து அமர்வுகள் வாசித்தார். கண்ணாடிக் குவளைகளின் ஒலியும் மக்களின் பேச்சும் அந்தப் பதிவில் கேட்கின்றன. பதினொரு நாட்களுக்குப் பின் 25 வயதே ஆன லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். எவன்ஸ் பல மாதங்கள் மேடைக்கே வரவில்லை. ஆகவே எல்லாம் சரியாக அமையட்டும் என்று பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். உடன் வாசிக்கும் நண்பர்கள் இருக்கும்போதே பதிவுசெய்யுங்கள்.

வீட்டில் பதிவுசெய்ய, மின்னணுப் பியானோவானால் அதன் வெளியீட்டுத் துளையிலிருந்து கம்பி வழியே நேரடியாகக் கணினி இணைப்புப் பெட்டிக்குக் கொண்டுசெல்லுங்கள். மரப் பியானோவானால் மேல்மூடியைத் திறந்து இரண்டு மைக்குகளைச் சற்று மேலே நிறுத்துங்கள். மிக உரத்து வாசிக்கும் இடமும் பதிவு அளவுகாட்டியில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டுக்கு மூன்று டேக் (பதிவு முயற்சி) போதும்; நடுவில் தவறினாலும் நிறுத்தாமல் கடைசி வரை வாசியுங்கள். 1963இல் எவன்ஸ் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பியானோ இழைகளைத் தாமே வாசித்துப் பதிவுசெய்த இசைத்தட்டு கிராமி விருது பெற்றது. ஆனாலும் ஒரே இழையில் பாட்டைத் தாங்கப் பழகும் வரை அடுக்குப் பதிவை நாடவேண்டாம்.

பதிவைக் கேட்பதை மறுநாள் காலைக்கு விட்டுவையுங்கள். முதல் முறை இடது கையை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை, விரல்கள் பழக்கத்தால் ஓடிய இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றுள் ஒரே ஒரு நான்கு கட்டப் பகுதியை அன்றைய பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.