கிளான் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி லாஸ்பேட்டையிலோ சேர்ந்து விளையாடும் நான்கு பேருக்கு, ஒரு கிளானுக்கு, அதாவது இணைய ஆட்டக் குழுவுக்கு, பெயர் சூட்டி, லோகோ வரைந்து, டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் ஒரு சர்வரும் சொந்தப் பெயரில் ஓர் இணையதளமும் திறப்பதற்கு ஒரு விடுமுறை வாரம் போதும். அதை இரண்டு மூன்று ஆண்டுகள் நடத்துவது வேறு வகையான வேலை. கலைந்துபோன கிளான்களின் பழைய உறுப்பினர்களிடம் விசாரித்தால், ஆட்டத்தில் தோற்றதைக் காரணமாகச் சொல்பவர்கள் அரிது. கடவுச்சொல் வைத்திருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார், பரிசுப் பணம் எங்கே போனது என்று தெரியவில்லை, ஒருவரை ஏன் வெளியேற்றினார்கள் என்று யாரும் சொல்லவில்லை என்பவையே திரும்பத் திரும்ப வரும் பதில்கள். யாரிடம் எந்தப் பொறுப்பு இருக்கிறது என்பதை எழுத்தில் வைக்காமல் நட்பை மட்டும் நம்பி நடத்துவதிலிருந்தே இவை அனைத்தும் பிறக்கின்றன.

நன்றாக ஆடுபவரைத் தலைவராக்குவது

கே.டி. விகிதம் (வீழ்த்தியதற்கும் வீழ்ந்ததற்கும் உள்ள விகிதம்) அதிகமுள்ளவரையே லீடராக்குவது ஏறத்தாழ எல்லாக் கிளான்களிலும் நடக்கிறது. களத்தில் அணியை வழிநடத்தும் ஐ.ஜி.எல்.லுக்குத் தேவையான திறமையும், ஒரு மாதத்தின் ஸ்க்ரிம் (பயிற்சிப் போட்டி) அட்டவணையைப் போட்டு, இருவருக்கிடையிலான சண்டையைத் தீர்த்து, வசூலான தொகைக்குக் கணக்கு எழுதி, பரீட்சை நேரத்தில் தொலைபேசியில் கோபப்படும் ஒரு தந்தைக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவருக்குத் தேவையான திறமையும் ஒருவரிடமே அமைவது அபூர்வம். இரண்டு பொறுப்புகளையும் இரண்டு பேரிடம் கொடுத்துவிடுவதே நல்லது. நடுத்தரமாக ஆடும் நிதானமான ஒருவர் லீடராக இருக்கும் கிளான் நீடிப்பதைப் பார்க்க முடிகிறது.

பதவியைப் பரிசாகக் கொடுப்பது இதனோடு சேர்ந்த தவறு. கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் ஒரு கிளானுக்கு 50 பேர் வரை இடம் உண்டு; கோ-லீடராக இருப்பவர் கிளான் வாரைத் தொடங்கவும் பிற உறுப்பினர்களை கிக் செய்யவும் முடியும். நன்றாகத் தாக்கினார், நிறைய டொனேட் செய்தார் என்பதற்காகப் பத்துப் பேருக்கு அந்தப் பதவியைக் கொடுத்துவிட்டால், அவர்களில் ஒருவர் ஒரு நாள் இரவு கோபத்தில் எல்லாரையும் வெளியேற்றிவிட்டுப் போவதற்கு வழி திறந்திருக்கும். டிஸ்கார்டில் இந்த ஆபத்து இன்னும் பெரியது. அங்கே அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற ஒரே அனுமதி, ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக வைத்த எல்லாக் கட்டுப்பாடுகளையும் தாண்டிச் செல்லும். ரோல் எனப்படும் பதவிப் பட்டையின் பெயரும் நிறமும் எவ்வளவு பகட்டாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அதன் பின்னால் இருக்கும் அனுமதியை வேலைக்குத் தேவையான அளவு மட்டும் வையுங்கள். அறிவிப்பு இடுபவருக்கு அறிவிப்புச் சேனலில் எழுதும் உரிமை போதும்; உறுப்பினரைத் தடை செய்யும் உரிமை எதற்கு?

எல்லாவற்றையும் ஆட்டத்துக்குள்ளேயே வைப்பது

2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 30-ல் அதன் சேவை இந்தியாவில் முற்றிலும் நின்றது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைப்பட்டது. அதே ஆண்டு ஜூலை இறுதியில் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பி.ஜி.எம்.ஐ. ஆப் ஸ்டோர்களிலிருந்து மறைந்து, 2023 மே மாதம்தான் திரும்பியது. உறுப்பினர் பட்டியலும் பேச்சும் ஆட்டத்தின் சாட்டுக்குள் மட்டுமே இருந்த கிளான்கள் இத்தகைய நாட்களில் ஒருவரையொருவர் தொடர்புகொள்ள வழியின்றிச் சிதறும். ஆட்டம் எதுவாக இருந்தாலும் அது இன்னொருவருடைய சொத்து என்பதை நினைவில் வைத்து, உறுப்பினர் பெயர்கள், அட்டவணை, விதிமுறை, பழைய போட்டிகளின் முடிவுகள் ஆகியவற்றை வெளியே ஓர் இடத்தில் வைத்திருக்க வேண்டும். கிளானுக்கு இணையதளம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

தளம் ஒருவருடைய சொந்தச் சொத்தாக இருப்பது

தளம் தொடங்கும்போது டொமைனை (தளத்தின் முகவரிப் பெயரை) யாரோ ஒருவர் தம் சொந்த மின்னஞ்சலில், தம் கார்டில் பணம் கட்டி வாங்குகிறார். அப்போது அது உதவியாகத் தெரிகிறது. அவர் கல்லூரி முடித்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன பிறகு, புதுப்பிப்பு நினைவூட்டல்கள் அவர் திறந்தே பார்க்காத ஒரு பழைய மின்னஞ்சலுக்கு வந்துகொண்டிருக்கும். டாட்காம் டொமைன் காலாவதியாகி, பதிவு நிறுவனம் அதை நீக்கியபின், மீட்டெடுப்பதற்கென 30 நாள் அவகாசம் உண்டு; ஆனால் அந்தக் கட்டத்தில் கேட்கப்படும் கட்டணம் சாதாரணப் புதுப்பிப்பைவிடப் பல மடங்கு அதிகம். அதையும் தவறவிட்டால் மேலும் 5 நாட்களில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். கிளான் பெயரில் இயங்கிய முகவரியைச் சூதாட்ட விளம்பரக்காரர்கள் எடுத்துக்கொண்டால், பழைய சுட்டிகள் எல்லாம் அங்கே போய் நிற்கும்.

ஆகவே கிளானுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றைத் தொடங்கி, டொமைன், ஹோஸ்டிங், டிஸ்கார்டு, யூடியூப் ஆகிய அனைத்தையும் அதன் கீழ்க் கொண்டுவர வேண்டும். அதன் கடவுச்சொல்லும் இருபடிச் சரிபார்ப்புக்கான மாற்றுக் குறியீடுகளும் இரண்டு பேரிடம், முடிந்தால் வெவ்வேறு வீடுகளில், இருக்க வேண்டும். புதுப்பிப்பு நாளைக் கிளானின் அட்டவணையில் எல்லாரும் பார்க்கும்படி எழுதிவிடுங்கள்.

தளத்தின் உள்ளே நடக்கும் தவறுகள் வேறு. காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம்களையும் பிளகின்களையும் எங்கிருந்தோ இலவசமாக இறக்கிப் போடுவது அவற்றில் முதன்மையானது. அப்படிக் கிடைப்பவற்றில் பின்வாசல் நிரல் ஒளிந்திருப்பது வழக்கம். அடுத்தது, போட்ட மென்பொருளைப் புதுப்பிக்காமல் ஆண்டுக்கணக்கில் விடுவது. தளம் ஊடுருவப்பட்டால் கிளானின் படங்கள் போவது சிறிய இழப்புதான். உறுப்பினர்களில் பலர் தளத்தில் கொடுத்த அதே கடவுச்சொல்லை ஆட்டக் கணக்குக்கும் மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பார்கள் என்பதால், ஒரு சிறிய தளத்தின் கசிவு பல ஐ.டி.க்களின் திருட்டாக முடியும். பதிவு செய்யும் பக்கத்திலேயே வேறு கடவுச்சொல் வைக்கும்படி எச்சரிப்பதும், டிஸ்கார்டு உள்நுழைவையே தளத்துக்கும் பயன்படுத்துவதும் இதைக் குறைக்கும். பேக்கப்பைத் தளம் இருக்கும் அதே சர்வரில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், சர்வர் போகும் நாளில் இரண்டையும் சேர்த்தே இழப்பார்கள்.

வீட்டுக் கணினியில் சர்வர் ஓட்டுவது

மைன்கிராஃப்ட் ஆடும் குழுக்கள் செலவைக் குறைக்க, ஒருவர் வீட்டுக் கணினியிலேயே சர்வரை ஓட்டுவதுண்டு. நம் கடற்கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது தாக்குப்பிடிக்காது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலுக்குப் பின் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும் வீதிகள் வெள்ளத்தில் மூழ்கின. புயல் வேண்டாம், ஒரு சாதாரண மழையில் மின்சாரம் போய்ப் போய் வந்தாலே போதும்: கோப்பு எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கணினி அணைந்தால், பல மாதங்கள் சேர்ந்து கட்டிய உலகம் சிதைந்துபோகலாம். மாதச் சந்தாவில் கிடைக்கும் சிறிய வாடகை சர்வரே மேல். வீட்டில்தான் ஓட்டியாக வேண்டுமென்றால் யூ.பி.எஸ். வைத்து, உலகக் கோப்பின் பிரதியை நாள்தோறும் வேறிடத்துக்கு அனுப்புங்கள். வொயிட்லிஸ்டை (பெயர் உள்ளவர்களை மட்டும் நுழையவிடும் பட்டியலை) அணைத்து வைக்காதீர்கள். மைன்கிராஃப்டின் வழக்கமான இணைப்பு எண்ணான 25565 என்ற போர்ட்டைத் தேடி அலையும் அந்நியர்கள் சர்வரைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

நேரத்தை எழுதாமல் அறிவிப்பது

புதுச்சேரிக் கிளான்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வில்லியனூரிலோ முத்தியால்பேட்டையிலோ தொடங்கிய குழுவில், பிரான்சில் வாழும் மாமா மகனோ அத்தை மகளோ சேர்ந்திருப்பார்கள். இந்திய நேரம் இரவு 10.30 என்பது பாரிஸில் குளிர்காலத்தில் மாலை 6 மணி, கோடையில் 7 மணி. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறுவதைக் கவனிக்காமல் "வழக்கமான நேரம்" என்று மட்டும் அறிவித்தால், அந்த வாரம் பாதி அணி வராது. பிறகு வராதவர்மீது பழி விழும். டிஸ்கார்டின் நேரக் குறியீட்டைப் பயன்படுத்தினால் அவரவர் ஊர் நேரத்தில் தானாகக் காட்டும். பாரிஸிலிருந்து மும்பை சர்வருக்கு வருபவருக்குப் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் தாமதம்) அதிகமாகத்தான் இருக்கும் என்பதால், அவரை முன்வரிசைச் சண்டைக்கு நிறுத்திவிட்டுத் திட்டுவதும் நியாயமல்ல.

விடுமுறைகளும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றல்ல. நவம்பர் 1 புதுச்சேரிக்கு விடுதலை நாள். சுமார் 22 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடலூரில் அன்று பள்ளி உண்டு. பிளஸ் டூ தேர்வு நடக்கும் மார்ச் மாதத்தில் ஆட வராதவர்களைச் செயலற்றவர்கள் என்று நீக்கும் வழக்கம் மிக மோசமானது. ஏப்ரலில் அவர்கள் வேறு கிளானில் இருப்பார்கள். விடுப்பு என்று ஒரு ரோல் வைத்துவிட்டால் போதும்.

பணம்

கிளானுக்கு வரும் பணத்தைக் கோயில் திருவிழாக் குழு வைக்கும் வரவு செலவுத் தட்டிபோல எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார், ஆட்டத்துக்குள் காசு கொடுத்து வாங்கும் ராயல் பாஸுக்குப் போனது எவ்வளவு, சர்வர் வாடகைக்குப் போனது எவ்வளவு என்று மாதம் ஒருமுறை எழுதினால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒருவருடைய சொந்த ஜி-பே எண்ணுக்கு வசூலித்துவிட்டு "அப்புறம் சொல்கிறேன்" என்பதிலிருந்துதான் பெரும்பாலான பிரிவுகள் தொடங்குகின்றன.

இதைவிடக் கடுமையான தவறு, தலைக்கு 50 ரூபாய் வசூலித்து கஸ்டம் ரூம் (அழைத்தவர் மட்டும் ஆடும் தனிப் போட்டி) நடத்தி, சேர்ந்த தொகையை வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் எதிர்பார்ப்போடு ஆடப்படும் ஆட்டங்களை, அவை திறமையைச் சார்ந்தவையா அதிர்ஷ்டத்தைச் சார்ந்தவையா என்று பாராமல் தடை செய்கிறது. அவற்றை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. முறையாகப் பதிவுபெற்ற இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளில் நிர்வாகச் செலவுக்கான நுழைவுக் கட்டணத்துக்கு அந்தச் சட்டம் இடம் தருகிறது; தெரு முனைக் கிளானின் கஸ்டம் ரூம் அதில் அடங்காது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று சில புதுச்சேரி அட்மின்கள் பேசுவது இங்கே பலிக்காது, இது மத்தியச் சட்டம். பரிசு தர விரும்பினால், கட்டணமே இல்லாத போட்டியாக நடத்தி, உள்ளூர்க் கடைக்காரர் ஒருவரிடம் கோப்பையோ ஹெட்செட்டோ கேட்டு வாங்குங்கள்.

சிறுவர்கள், பெண்கள், மைக்

கிளானில் பாதிப் பேர் பள்ளி மாணவர்களாக இருக்கும்போது, உண்மையான ஆள் என்று நிரூபிக்க ஆதார் அட்டையின் படத்தைக் கேட்கும் அட்மின்கள் இருக்கிறார்கள். அந்தப் படம் எத்தனை கைப்பேசிகளில் தங்கும் என்று யாருக்கும் தெரியாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. ஆட்டப் பெயர், வயது வரம்பு, தொடர்புக்கு ஒரு டிஸ்கார்டு பெயர் என்பவற்றுக்கு மேல் ஒரு கிளானுக்குத் தேவையே இல்லை. பி.ஜி.எம்.ஐ. 18 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பைத் தாண்டப் பெரியவர் ஐ.டி.யில் ஆடும்படி சொல்லிக்கொடுப்பது கிளான் செய்யக்கூடாத காரியம்.

பெண்கள் பலர் ஆண் பெயரில், மைக்கை அணைத்துவிட்டு ஆடுவதற்கு நம் கிளான்களே காரணம். "குரலைக் கேட்டால்தான் நம்புவோம்" என்று வற்புறுத்துவதும், பேசியதும் தனிச் செய்தி அனுப்பித் தொல்லை கொடுப்பதும் முதல் தடவையிலேயே வெளியேற்றத்துக்குரிய குற்றங்கள் என்று விதியில் எழுதப்பட வேண்டும். பெயரோடு சாதி அடையாளம் சேர்ப்பதும் அப்படியே. இதைச் சாதாரணப் பெருமை என்று விட்டுவிட்ட லீடர்கள், குரல் சேனலில் அது வசவாக மாறும்போது யாரையும் தடுக்க முடியாமல் நிற்கிறார்கள். ஒருவரை நீக்கினால் எந்த விதியின்படி நீக்கினோம் என்று ஒரு வரியாவது அவருக்கு எழுதி அனுப்புங்கள்; நீக்கப்பட்டவர் லீடரின் உயிர் நண்பராக இருந்தாலும் விதி அதேதான் என்பது ஒருமுறையாவது வெளிப்படையாகத் தெரிய வேண்டும்.

ஹேக் வைத்து ஆடுபவரை அவர் எடுக்கும் கில்களுக்காகத் தெரிந்தே வைத்துக்கொள்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஐ.டி. தடைபடும் நாளில் கிளானின் பெயரும் கெடும். ஐ.டி.க்களை விற்பதும் பகிர்வதும் ஆட்ட நிறுவனங்களின் விதிக்கு எதிரானவை. கிளானின் சேனல்களில் அந்த வியாபாரத்துக்கு இடம் கொடுத்தால் மோசடிக்காரர்கள் தேடி வருவார்கள். டிஸ்கார்டில் இலவச நைட்ரோ (டிஸ்கார்டின் கட்டணச் சந்தா) என்று வரும் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து கணக்கை இழப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பணம் பறிபோனால் அட்மினிடம் புலம்பிக்கொண்டிராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.

பொறுப்பை மாற்றாமல் போவது

லீடர் ஒருவர் விலகும்போது ஆட்டத்துக்குள் இருக்கும் பட்டத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போவதே வழக்கமாக இருக்கிறது. மாற்ற வேண்டியவை இன்னும் பல. டிஸ்கார்டு சர்வரின் உரிமையை அதன் அமைப்புப் பக்கத்திலிருந்து உரிமையாளர் தாமே மாற்றிக் கொடுக்க வேண்டும். அவர் கணக்கை இழந்தபின் புதியவர் அதைப் பெறுவது மிகக் கடினம். டொமைன், ஹோஸ்டிங், கிளான் மின்னஞ்சல், வெப்ஹூக்குகள் (தானாகச் செய்தி இடும் இணைப்புகள்), போட்களின் டோக்கன்கள் (தானியங்கி நிரல்களின் சாவிகள்) ஆகியவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் கடவுச்சொல்லைப் புதியவர் மாற்றியபின் பழையவர் வெளியேறட்டும். கடைசியாக, மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும் கைப்பேசி எண்ணைப் பாருங்கள். எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அதை மட்டும் மறந்தால், ஓ.டி.பி. பழைய லீடரின் கைப்பேசிக்கே போய்க்கொண்டிருக்கும். அவர் அந்த சிம்மைக் கைவிட்டிருந்தால், எண் அதைப் புதிதாக வாங்கிய யாரோ ஒருவரிடம் இருக்கும்.