கடைச் சரக்குக்கு ஜகாத் கணக்கிடுவது எப்படி?

ரமலான் பிறந்ததும் கல்லாவில் இருப்பதைப் பார்த்து, மனதுக்குத் தோன்றிய ஒரு தொகையை எடுத்துக் கொடுத்துவிட்டு ஜகாத் (முஸ்லிம்கள் ஆண்டுதோறும் தம் செல்வத்திலிருந்து கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பங்கு) முடிந்தது என்று இருந்துவிடும் வியாபாரிகள் பலர். கணக்கில்லாமல் கொடுப்பது ஸதகா, அதாவது விருப்பத் தர்மம். ஜகாத் கடமை அதனால் தீராது. ஜகாத் ஏழையின் உரிமை. சரக்கு வாங்கிய இடத்துக்குப் பாக்கியை எப்படிப் பைசா சுத்தமாகப் பார்ப்பீர்களோ, அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு ஹிஜ்ரி (இஸ்லாமியச் சந்திர ஆண்டு) தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ரமலானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஷஅபான் 15 என்று வைத்தால் ஆண்டுதோறும் அதே நாள்தான். கொள்முதலுக்குப் பணம் போகட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. ஏப்ரல்–மார்ச் கணக்கை அப்படியே எடுத்து ஜகாத் விகிதமான 2.5% கொடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சந்திர ஆண்டு ஏறக்குறைய 11 நாள் குறைவு. 33 ஆண்டு இப்படியே போனால் ஒரு முழு ஆண்டு ஜகாத் விடுபட்டுவிடும். ஆங்கிலத் தேதியை விட முடியாதவர்கள் 2.577% கணக்கிட வேண்டும்.

நிஸாப், அதாவது ஜகாத் கடமையாவதற்கான குறைந்தபட்ச அளவு, 85 கிராம் தங்கம் அல்லது 595 கிராம் வெள்ளியின் மதிப்பு. நம் நாட்டில் ஹனஃபி மத்ஹபை (இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்று) பின்பற்றும் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) 87.5 கிராம் தங்கம், 612 கிராம் வெள்ளி என்று சொல்வார்கள். வெள்ளியை அளவாக வைத்தால் நடுத்தரக் கடை எதுவும் எளிதில் நிஸாபைத் தாண்டிவிடும்.

இனி சரக்கு. குறித்த நாளில் கடை, குடோன், வழியில் வந்துகொண்டிருக்கும் உங்கள் லோடு எல்லாவற்றையும் எண்ணி எழுதுங்கள். வாங்கிய விலையைப் போடாதீர்கள். அன்றைய சந்தை விலையைப் போடுங்கள். சில்லறையாகப் போகும் சரக்குக்கு மொத்த விலையை எடுக்கலாம் என்பது இக்கால ஆலிம்கள் பலரின் கருத்து. தேங்கிப்போன பழைய டிசைன் சேலைக்கு அன்று என்ன கிடைக்குமோ அதுதான் மதிப்பு. அது பில் விலையில் பாதிகூட இல்லாமல் போகலாம், ஆனால் விற்காத சரக்கு என்று சொல்லி அடியோடு விட்டுவிடக் கூடாது. அலமாரி, தராசு, ஃப்ரிட்ஜ், டெலிவரி வண்டி, சொந்தக் கட்டிடம் இவற்றுக்கு ஜகாத் இல்லை. விற்பதற்கென்றே வாங்கிய மனைக்கு உண்டு.

சரக்கோடு ரொக்கம், வங்கி இருப்பு, சீட்டில் இதுவரை கட்டிய பணம், வரும் என்று உறுதியான கடன் பாக்கி ஆகியவற்றைச் சேருங்கள். வராக்கடன் கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். எத்தனை ஆண்டுக்குக் கொடுப்பது என்பதில் மத்ஹப்கள் வேறுபடுகின்றன. கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ் பற்றியும் ஒரே கருத்து இல்லை. நீங்கள் பின்பற்றும் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கல்லாவில் கிடக்கும் ஜிஎஸ்டி அரசுக்குச் சேர வேண்டியது, அதை எடுத்துவிடுங்கள்.

ஒரு ஜவுளிக் கடையை எடுத்துக்கொள்வோம். சரக்கு 14,00,000 ரூபாய், ரொக்கமும் வங்கியும் 1,80,000, நல்ல பாக்கி 1,20,000. மொத்தம் 17,00,000. சூரத் வியாபாரிக்கு இப்போதே கொடுக்க வேண்டியது 5,00,000. ஹனஃபி வழியில் கடனைக் கழித்து 12,00,000க்கு நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 30,000. இன்னொரு சட்ட வழியான ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி கடன் ஜகாத்தைக் குறைக்காது; 42,500 கொடுக்க வேண்டும். ஷாஃபிஈ வழியில் போகும் காயல்பட்டினத்துக் கடைக்காரரும் ஹனஃபி வழியில் போகும் ஆம்பூர்க் கடைக்காரரும் வேறு வேறு தொகைக்கு வருவது இதனால்தான். எது குறைவோ அந்த ஆண்டுக்கு அது என்று மாற்றி மாற்றிப் பிடிப்பது சரியல்ல. கழிக்கிறவர்களும் பத்து ஆண்டு வங்கிக் கடன் முழுவதையும் கழித்துவிட்டு ஜகாத்தே இல்லை என்று சொல்லக் கூடாது. கெடு வந்த தவணையைக் கழிப்பதுதான் பேணுதலானது.

கணக்கைவிடத் தவறு அதிகம் நடப்பது கொடுக்கும் இடத்தில்.

பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரை குர்ஆன் 9:60 சொல்கிறது. பள்ளிவாசல் கட்டுவதற்கு இது செல்லாது என்பதே பெரும்பான்மை ஆலிம்களின் கருத்து. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் கொடுக்க முடியாது. வறுமையில் இருக்கும் உடன்பிறந்தவருக்குக் கொடுக்கலாம். கடைப் பையன் ஏழையாக இருந்தால் அவனுக்கும் கொடுக்கலாம். ஆனால் சம்பள உயர்வுக்கோ பெருநாள் போனஸுக்கோ பதிலாக அதைக் கொடுத்தால் அது உங்கள் செலவை ஏழையின் பங்கில் எழுதுவதாகும். வராத கடனை “ஜகாத்தில் கழித்துக்கொண்டேன்” என்று பேரேட்டில் அடித்துவிடுவதைப் பெரும்பாலான ஆலிம்கள் ஏற்பதில்லை. கையில் பணமாகக் கொடுங்கள்; அவர் விரும்பிக் கடனை அடைத்தால் அது வேறு.

தேங்கிய சேலைகளை மூட்டையாகக் கட்டி ஜகாத் சேலை என்று கொடுக்கும் பழக்கம் போக வேண்டும். ஹனஃபி வழியில் பொருளாகக் கொடுப்பது கூடும், ஷாஃபிஈ வழியில் மதிப்பைப் பணமாகக் கொடுக்க வேண்டும். எந்த வழியிலும் கழிவுச் சரக்கை நல்ல விலைக்கு எழுதுவது மோசடி. வாசலில் வரிசையில் நிற்க வைக்கவும் வேண்டாம். நிய்யத் (எண்ணம்) உங்கள் மனதில் இருந்தால் போதும், வாங்குபவரிடம் ஜகாத் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குப் போய்க் கொடுங்கள், அல்லது ஊர் பைத்துல்மாலில் (பொது நிதியில்) சேருங்கள்.

இன்னொன்று: ஜகாத் கொடுப்பதால் வட்டியோ எடைக் குறைவில் வந்த லாபமோ சுத்தமாகாது. அளவில் மோசடி செய்பவர்களைக் கண்டித்து குர்ஆனில் தனி அத்தியாயமே (83) உண்டு. எடை குறைத்த பணம் வாடிக்கையாளருடையது, அவரிடமே திரும்பிப் போக வேண்டும். ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். வங்கி வட்டியையும் அப்படியே தனியாக வெளியேற்றுங்கள். இரண்டையும் ஜகாத் தொகையில் சேர்க்கக் கூடாது.

கடந்த ஆண்டுகளில் விட்டுப்போனது இருந்தால் அதுவும் கடனாகவே நிற்கிறது. பழைய பேரேடு, வங்கி அறிக்கை, ஜிஎஸ்டி ரிட்டர்ன் வைத்து ஒவ்வோர் ஆண்டின் இருப்பையும் தனித்தனியாக எழுதுங்கள். ஆவணம் இல்லாத ஆண்டுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு இருந்திருக்கும் என்று போடாமல், இதற்கு மேல் இருந்திருக்காது என்று மனம் உறுதியாகச் சொல்லும் தொகையைப் போடுங்கள். ஒரே நேரத்தில் கொடுக்க இயலாவிட்டால் மாதம் இவ்வளவு என்று பிரித்து, நிலுவையை வஸிய்யத்திலும் (மரண சாசனத்திலும்) எழுதி வையுங்கள். அப்போதுதான் வாரிசுகள் சொத்தைப் பிரிக்கும் முன் அதை எடுத்துக் கொடுப்பார்கள்.