மோசடியால நாட்டுக்கு எவ்வளவு நட்டம்? கணக்கு போடுற விதம்

இங்கிலாந்துல மோசடியால வருசத்துக்கு 73 பில்லியன் பவுண் நட்டம்னு 2012ல அரசாங்கம் சொல்லிச்சு, அடுத்த வருசமே 52 பில்லியன்னாங்க, 2017ல வேற ஆளுங்க போட்ட கணக்குல 190 பில்லியன். கள்ளனுங்க லீவு போட்டுட்டு திரும்பி வந்தாங்கன்னு நெனைக்காதீங்க, பெரும்பாலும் கணக்கு போட்ட விதம்தான் வேற.

அதனால எதெல்லாம் மோசடின்னு மொதல்ல எழுதிக்கங்க. சீட்டு காசோட ஓடுறது, லொத்தர் விழுந்திருக்குன்னு போன்ல ஓடிபி கேக்குறது, வெளிநாட்டு வேலைன்னு காசு வாங்குறது சரி, வரி ஏய்ப்பு சேருமா சேராதா? முடிவு பண்ணிட்டு ஒரே ஒரு வருசத்துக்கு மட்டும் எடுங்க.

அடுத்ததுலதான் எல்லாரும் சறுக்குறது. இலங்கையில ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல ஒரு அக்காவோட சீட்டு காசு ஒரு லட்சம் போச்சுன்னு வைங்க, அவங்களுக்கு அது முழு நட்டம், ஆனா நாட்டுக்கணக்குல அந்த லட்சம் கை மாறி இருக்கு அவ்வளவுதான், எடுத்தவன் கொழும்புல செலவழிச்சிட்டு இருப்பான். நாட்டுக்கு உண்மையா போனது பொலிசுக்கு அலைஞ்ச 4 நாள் பேரு (தோட்டத்துல நாள் சம்பளத்த அப்படித்தான் சொல்லுவாங்க), 2024ல வந்த 1,350 ரூபா சம்பளப்படி 5,400, அதோட பொலிஸ் கோர்ட் செலவு, பேங்க் பாதுகாப்புக்கு கொட்டுற காசு. தோடு அடகு வச்ச வட்டியும் இன்னொருத்தர் கைக்குத்தான் போகுது, அதையும் கை மாறின பக்கமே எழுதுங்க. ரெண்டையும் தனித்தனியா எழுதணும், கூட்டி ஒரே நம்பரா சொல்லக்கூடாது.

பொலிஸ் முறைப்பாட்ட மட்டும் எண்ணினா பத்தாது. லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, நெறைய பேரு வெக்கத்துல சொல்லமாட்டாங்க, சிங்களத்துல எழுதுவாங்கன்னு போகாதவங்களும் இருக்காங்க. வீடு வீடா போய் "போன 12 மாசத்துல ஏமாந்தீங்களா, எவ்வளவு, எவ்வளவு திரும்பி வந்திச்சு"ன்னு கேக்கணும், அதுவும் தனியா வச்சு, மாமியார் முன்னாடி கேட்டா ஒண்ணும் வராது.

ஆனா கவனம். இலங்கையில 60 லட்சத்துக்கு மேல வீடு இருக்கு, நீங்க 200 வீடு கேட்டா ஒவ்வொண்ணும் 30,000 வீட்டுக்கு சமம், அதுல ஒருத்தர் 10 லட்சம் இழந்திருந்தா அந்த ஒரு ஆளாலயே நாட்டுக்கணக்குல 3,000 கோடி ஏறிடும்! தோட்டத்துல மட்டும் கேட்டுட்டு நாடு முழுக்க பெருக்குறதும் தப்பு, கொழும்புல போற தொகை வேற.

பேங்க் திருப்பி குடுத்த காச பேங்க் கணக்குல ஒருதரம், ஆளு கணக்குல ஒருதரம்னு ரெண்டு தரம் எண்ணிடாதீங்க. கடைசியா ஒத்த நம்பரு வேணாம், கொறஞ்சது இவ்வளவு கூடினது இவ்வளவுன்னு எழுதி, எந்த இடத்துல ஊகிச்சீங்கன்னு பக்கத்துலயே போடுங்க.