புதிய கணினிக்குள் பழைய எக்ஸ்பி: ஓர் அச்சகத்தின் செய்முறை

காரைக்குடியில் திருமணப் பத்திரிகை அச்சிடும் எங்கள் அச்சகத்தில், பல ஆண்டுகளாகச் சேர்ந்த கோப்புகள் எல்லாம் பேஜ்மேக்கர் என்னும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களிலும் இருக்கின்றன. பழைய பத்திரிகையைத் தேடியெடுத்து, ஐயா (தாத்தா) பெயரையும் நகரத்தார் குலப் பிரிவான கோவில் பிரிவையும் சரிபார்த்து, அதே வீட்டின் அடுத்த திருமணத்துக்கு மாற்றித் தருவதுதான் எங்கள் வேலையில் பாதி. அவற்றைத் திறந்துவந்த விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பழைய இயங்குதளத்துக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டது. அது ஓடிய கணினியின் மதர்போர்டும் பிறகு போய்விட்டது. அதனால் விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருளின் துணையுடன், புதிய கணினிக்குள்ளேயே எக்ஸ்பியைக் குடிவைத்தோம்.

செட்டிநாட்டு வீட்டில் திருமணமான மகனை வேறு வைத்ததும், அவர் அதே கூரையின் கீழ் தனிப் புள்ளியாகி (தனிக் குடும்பமாகி) தனி அடுப்பு மூட்டுவார். முகப்பும், உள்முற்றமான வளவும் எல்லோருக்கும் பொது. விர்ச்சுவல்பாக்ஸ் உருவாக்கும் மெய்நிகர் கணினியும் அப்படித்தான். பிராசசரும் ரேமும் வன்வட்டும் பொதுவாக இருக்க, உள்ளே ஓடும் இயங்குதளம் தனக்கென ஒரு கணினி இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும்.

முதலில் டாஸ்க் மேனேஜரின் பெர்பார்மன்ஸ் பகுதியில் சிபியுவைச் சொடுக்கி, மெய்நிகர் கணினிக்கு உதவும் விர்ச்சுவலைசேஷன் வசதி இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால், கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரைக்குள் சென்று, இன்டெல் கணினியில் விடி-எக்ஸ் என்பதையும் ஏஎம்டி கணினியில் எஸ்விஎம் என்பதையும் இயக்க வேண்டும். பிறகு விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, 'நியூ' பொத்தானை அழுத்தி, எக்ஸ்பி வகையைத் தேர்ந்து, உங்களிடமுள்ள உரிமம் பெற்ற குறுந்தகட்டையோ அதன் முழு நகலான ஐஎஸ்ஓ கோப்பையோ காட்டினால் வழக்கமான நிறுவல் தொடங்கும்.

ரேம் ஒதுக்கும்போது தாராளம் வேண்டாம். எக்ஸ்பிக்கு 1 ஜிபி போதும். உபுண்டு டெஸ்க்டாப் என்னும் லினக்ஸ் இயங்குதளம் என்றால் 4 ஜிபி கொடுக்கலாம். மொத்தம் 8 ஜிபி உள்ள கணினியில் 6 ஜிபியை உள்ளே தள்ளினால் இரண்டு இயங்குதளங்களுமே திணறும். வன்வட்டுக்கு, தேவைக்கேற்ப வளரும் வகையைத் தேர்ந்தால் தொடக்கத்தில் இடம் குறைவாகவே பிடிக்கும். எக்ஸ்பியின் நிறுவலில் சாட்டா என்னும் புதிய வகை வட்டு இணைப்புக்கான டிரைவர் கிடையாது என்பதால், வட்டுக் கட்டுப்பாட்டைப் பழைய வகையான ஐடிஇ என்றே விட்டுவிடுங்கள். உள்ளே விண்டோஸ் 11 வேண்டுமானால் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி வட்டும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வசதியும் தேவை. அந்த வசதி 2022இல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் உண்டு.

நிறுவி முடித்ததும், விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸைச் சேர்த்தால், திரை அளவு சரியாகி, இரு பக்கத்துக்கும் பொதுவான ஷேர்டு ஃபோல்டரும் கிடைக்கும். அடுத்து, அமைப்புகளில் நெட்வொர்க் அடாப்டரை அணைத்துவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன எக்ஸ்பியை இணையத்தில் விடுவது, வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம்.

எல்லாம் சரியாக ஓடும் நிலையில் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்துவைத்தால், ஏதேனும் கெட்டுப்போகும்போது அந்த நிலைக்கே திரும்பலாம். ஆனால் திரும்பும்போது, இடையில் உள்ளே சேமித்தவையும் மறைந்துவிடும். ஓர் ஆவணி முகூர்த்தச் சமயத்தில் நான் அவசரமாகத் திரும்பப்போய், காலையிலிருந்து திருத்திய மூன்று பத்திரிகைகளை இழந்து, இரவு முழுக்க மறுபடி தட்டச்சு செய்தேன். அன்றிலிருந்து வேலைக் கோப்புகள் அனைத்தும் ஷேர்டு ஃபோல்டரில்தான் இருக்கின்றன.

அச்சுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. புதிய பிரிண்டருக்கு எக்ஸ்பியில் டிரைவர் தேடி அலையாமல், உள்ளேயே பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருக்களையும் அதில் பதித்து, வெளியிலிருந்து அச்சிடுங்கள். எழுத்தை மட்டும் நகலெடுத்து வெளியே ஒட்டினால், மணமகன் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறித் தெரியும். அதை யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்து, ஒற்றெழுத்துகளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

மின்வெட்டு எங்களுக்குப் புதிதல்ல என்பதால் யுபிஎஸ் கட்டாயம்; கரண்ட் போனதும், ஓடும் நிலையை அப்படியே சேமிக்கும் 'சேவ் ஸ்டேட்' கொடுத்து மூடிவிடுங்கள். ஸ்னாப்ஷாட் அதே வன்வட்டில் இருப்பதால் அதைக் காப்பு நகலாகக் கருத முடியாது. மாதம் ஒருமுறை மெய்நிகர் கணினியை முழுவதுமாக நிறுத்தி, அதை ஒரே கோப்பில் அடக்கும் ஓவிஏ வடிவில் ஏற்றுமதி செய்து, வெளி வன்வட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணினியும் ஒருநாள் போனால், அடுத்த கணினியில் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, அந்தக் கோப்பை உள்ளே எடுத்துக்கொண்டால் போதும்.