பாலாவது குடிக்கட்டும் என்று விட்டால் வருகிற வினை

சோறு இறங்கவில்லையா, சரி, ஒரு பாட்டில் பாலாவது குடிக்கட்டும். என் மகனுக்கு இரண்டு வயது ஆகும்வரை நானும் இப்படித்தான், ஒரு நாளைக்கு நான்கு பாட்டில். ஆள் கொழுகொழுவென்று இருந்தான், சுகாதாரக் கையேட்டில் எடைக் கோடும் அழகாக ஏறியது, வேறொரு காய்ச்சலுக்காக ரத்தம் எடுத்தபோதுதான் இரும்புச்சத்து குறைவு என்று தெரிந்தது. எடை சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நம்பியதுதான் நான் செய்த பெரிய தப்பு.

பாலில் கால்சியம் உண்டு, புரதம் உண்டு, இரும்பு மட்டும் இல்லை என்றே சொல்லலாம். அதோடு வயிற்றை நிரப்பி அடுத்த வேளைச் சாப்பாட்டையும் கெடுத்துவிடும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நாளுக்கு 500 மில்லி லிட்டர் தாராளம். ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், இரண்டு வயதுக்குள் மூளை பெரியவர்கள் மூளையின் அளவில் சுமார் 80 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது. நரம்புகளைச் சுற்றி உறை உருவாகவும், அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வேதிப்பொருட்கள் சுரக்கவும் இரும்பு வேண்டும். அப்போது குறைந்தால், பிறகு மருந்து கொடுத்து ரத்தத்தைச் சரிசெய்தாலும் கவனத்திலும் கற்றலிலும் பட்ட அடி முழுதாக ஆறாமல் போகலாம்.

"தினமும் கீரை கொடுக்கிறோமே" என்பார்கள். கீரை, பருப்பில் இருக்கும் இரும்பு உடம்பில் லேசில் சேராது. எலுமிச்சை பிழிந்து கொடுங்கள், இல்லை சாப்பாட்டோடு ஆரஞ்சு, கொய்யா எதுவோ ஒன்று. வைட்டமின் சி இருந்தால் நன்றாகச் சேரும். நேர் எதிர் வேலை செய்வது தேநீர். தோசைக்கு நடுவே தாத்தா தன் டம்ளரிலிருந்து பாசமாக இரண்டு வாய் ஊட்டுவார், பார்த்துக்கொள்ளுங்கள். அசைவம் சாப்பிடும் வீடென்றால் கோழி, ஆட்டிறைச்சி, மீன் நல்லது, அவற்றின் இரும்பு சுலபமாகச் சேரும்.

குண்டாகிவிடுவானோ என்று இரண்டு வயதுக்கு முன்பே கொழுப்பு நீக்கிய பாலுக்கு மாறாதீர்கள், மூளைக்குக் கொழுப்பு வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம், பாட்டி கோபித்துக்கொண்டாலும் சரி. மூளை வளர்ச்சி என்று டின்னில் போட்டு விற்கிற வளர்ச்சிப் பால் அவசியமில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமே 2013இல் சொல்லிவிட்டது, அந்தக் காசுக்கு நம் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மத்தி மீன் வாங்கலாம். பாக்கெட் பானம் வாங்கும்போது அதன் மேல் இருக்கும் 'ஏ' முதல் 'டி' வரையிலான நியூட்ரி-கிரேட் தர எழுத்தைப் பாருங்கள், 'டி' என்றால் 100 மில்லி லிட்டரில் சர்க்கரை 10 கிராமுக்கு மேல் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது பால் இரண்டு டம்ளர்தான். முதல் வாரம் அழுகை, ரகளை. நான்காம் நாள் நெத்திலிக் குழம்பில் கை வைத்தான். கொய்யாவை மட்டும் இன்னும் துப்புகிறான்.